கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மேல்சித்தாமூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி. வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வு விண்ணப்பம் அனுப்ப நாளைதான் கடைசி நாள். மேஜை மேல் இருப்பது அவருடைய அண்ணன் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "போர்டு போயிடுச்சு அக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

இந்த நிலைமை உங்கள் வீட்டிலும் வரலாம். கம்பெனியே முழுதாகச் செய்து விற்கும் கம்ப்யூட்டருக்கு ஒரே வாரன்டி, ஒரே சர்வீஸ் சென்டர். வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலை முதலில் உங்கள் தலையில்தான் விழும். தவறாகக் கணித்தால், கெடாத பாகத்துக்குப் பணம் கொடுப்பீர்கள். கெட்ட பாகம் அப்படியே உள்ளே இருக்கும். அதனால் இரண்டு விதிகளை மனதில் வையுங்கள். வெளியே இருந்து உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

முதலில் அவசர வேலை

விண்ணப்பத்தை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் வாருங்கள். பெரும்பாலான இணைய விண்ணப்பங்களைப் போன் பிரவுசரிலேயே முடிக்கலாம். பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றால், பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு அருகிலுள்ள இ-சேவை மையம் இருக்கிறது. கடைசி நாள் பதற்றத்தோடு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். பதற்றத்தில்தான் பின் வளையும், ஒயர் மாறும்.

"என் சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் இருக்கு" என்ற பயம் வரும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் பைல்கள் அழிந்துவிடுவதில்லை. அவை ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ இருக்கின்றன. அந்த டிஸ்க் நன்றாக இருந்தால், வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்துவிடலாம். விண்டோஸ் 11 உள்ள சில கம்ப்யூட்டர்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். வேறு இடத்தில் இணைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தியவர் என்றால், போனில் அந்தக் கணக்கைத் திறந்து எண்ணைத் தேடிப் பாருங்கள்.

அறிகுறி எந்த வகை?

கம்ப்யூட்டர் கோளாறுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று: உயிரே இல்லை. விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை.
இரண்டு: விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு.
மூன்று: ஓடுகிறது, நடுவில் நின்றுவிடுகிறது, தானே மறுபடி ஆன் ஆகிறது.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். பட்டனை அழுத்துவது முதல் ஒரு நிமிடத்துக்குப் போனில் வீடியோ எடுங்கள். எந்த விளக்கு எரிந்தது, எத்தனை தடவை 'பீப்' சத்தம் வந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். பிறகு கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட அந்த வீடியோ நன்றாகப் பேசும்.

உயிரே இல்லை என்றால்

முதலில் பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயின்ட்டில் கரண்ட் இருக்கிறது. அடுத்து, யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துக் கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பாயின்ட்டில் போடுங்கள். இப்போது ஆன் ஆனால் கோளாறு யு.பி.எஸ்.ஸில்.

பெட்டிக்குப் பின்னால், கரண்ட் ஒயர் நுழையும் இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும். வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அதுதான். அதன் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. பெருக்கித் துடைக்கும்போது கை பட்டு அது ஆஃப் ஆகியிருக்கலாம். சில பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 115, 230 என்று எழுதிய இன்னொரு ஸ்விட்சும் இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். அதை மாற்றிப் பார்க்கலாமே என்று தொடவே தொடாதீர்கள்.

இவை சரியாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். எதையும் தொடும் முன் பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உள்ளே இருக்கும் ஒயர்களை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டில் 24 பின் உள்ள பெரிய ஒயர் ஒன்று செருகியிருக்கும். பிராசசருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் ஒயர் தனியாக இருக்கும். இரண்டையும் கழற்றி, கொக்கி மாட்டும் வரை மறுபடி அழுத்துங்கள். புதிதாகப் பூட்டியவர்கள் இந்த 8 பின் ஒயரை மறந்துவிடுவது சகஜம். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர் கழன்றிருந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது.

சாயங்காலம் மட்டும் மக்கர் பண்ணுகிறதா?

கிராமத்து வீடுகளில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இது. பகலில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர், சுற்றுவட்டாரத்தில் பம்பு செட் ஓடும் நேரத்தில் மட்டும் நின்று நின்று ஓடினால், கோளாறு பெட்டிக்குள் இல்லாமல் ஒயரில் வரும் வோல்டேஜில் இருக்கலாம். வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட் வர வேண்டும். 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 216 முதல் 244 வரை. பிளக்கில் செருகினால் வோல்டேஜைக் காட்டும் சின்ன மீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் திரையிலும் பார்க்கலாம்.

ஒரு வாரம், கம்ப்யூட்டர் நின்ற ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் வோல்டேஜையும் போன் நோட்ஸில் குறித்து வையுங்கள். வோல்டேஜ் தொடர்ந்து குறைந்தால் மின் பகிர்மானக் கழகத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மின் இணைப்பு எண்ணையும், குறித்து வைத்த நேரங்களையும் சேர்த்துச் சொன்னால், "எப்பப் பார்த்தாலும் லோ வோல்டேஜ்" என்பதைவிட அந்தப் புகாருக்கு வலு அதிகம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

"வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுது" என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. ஃபேனும் லைட்டும் ஒரு கண்ணிமைப்பைத் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. பல இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ். மோட்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் பேட்டரிக்கு வேகமாக மாறும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே பேட்டரிக்குப் போய்விடும். லோ வோல்டேஜ் உள்ள ஊரில் பேட்டரி சீக்கிரம் காலியாகும். அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டருக்குத் தனி யு.பி.எஸ். வைப்பதே நல்லது.

பெட்டியைத் தொட்டால் 'சுர்' என்று ஷாக் அடிக்கிறதா? செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டிப் பாகங்கள் மிகச் சிறிதளவு கரண்டைப் பெட்டியின் இரும்புக்கு அனுப்பும். அது எர்த் ஒயர் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் உடம்பு வழியே போகும். மூன்று பின் பிளக்கில் இரண்டு மட்டும் வேலை செய்கிறது என்று அர்த்தம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். எர்த் சரியான பிறகும் ஷாக் அடித்தால் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.

விசிறி சுற்றுது, திரை கறுப்பு

நாம் முதலில் பார்த்த வீட்டின் கோளாறு இதுதான். "போர்டு போயிடுச்சு" என்று அவசரப்பட்டுச் சொல்வதும் இந்த வகையில்தான்.

முதலில் மானிட்டரைப் பாருங்கள். அதன் விளக்கு எரிகிறதா? 'நோ சிக்னல்' என்று வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, படம்தான் வரவில்லை. எச்.டி.எம்.ஐ. ஒயரை டி.வி.யில் செருகிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு மானிட்டரிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது.

அடுத்து, ஒயர் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் ஒயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால், அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனி கார்டு கட்டாயம். உதாரணத்துக்கு, ஐ5 12400-இல் படம் வரும், 12400எஃப்-இல் வராது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் செருகி, "படம் வரலை, போர்டு அவுட்" என்று முடிவு கட்டும் தவறு இங்கேதான் நடக்கிறது.

அடுத்தது ரேம். பிளக்கைப் பிடுங்கி, பட்டனை அழுத்தி வடியவிட்டு, ரேமின் ஓரக் கொக்கியைத் தள்ளிக் கழற்றுங்கள். தங்க நிற ஓரத்தை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள். நெல், மணிலா தூற்றும் காலத்துத் தூசும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் அந்த ஓரத்தில் மெல்லிய படலம் பிடிக்கும். பிறகு 'டிக்' என்ற சத்தம் கேட்கும் வரை நேராக அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். வரவில்லை என்றால் மற்றதைப் போடுங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் எது கெட்டது என்று பத்து ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும். ஒற்றை ரேமை எந்த ஸ்லாட்டில் போடுவது என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.

இப்போதைய பல மதர்போர்டுகளில் சி.பி.யு., டி-ரேம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எந்த விளக்கில் நிற்கிறதோ அந்த இடத்தில் தேட வேண்டும். விளக்கு இல்லாத போர்டுகளில் 'பீப்' சத்தம் அதே வேலையைச் செய்யும். ஆனால் அந்தச் சத்தத்தின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் போர்டின் மாடலைப் போட்டே தேடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால், போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தவறான அமைப்புகள் அழிந்து பழைய நிலைக்கு வரும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் இதன் பிறகும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஓடி ஓடி நிற்கிறது என்றால்

பத்து நிமிடம் ஓடி நிற்பது பெரும்பாலும் சூடு. பிராசசர் 100 டிகிரி செல்சியஸ் அருகே போனால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடும். பிராசசர் மேல் உள்ள விசிறி சுற்றுகிறதா, தூசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். மர மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டியை வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள்.

நீலத் திரை வந்து நின்றால் ரேமைச் சந்தேகப்படலாம். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் சோதிக்கும் வசதி வரும். அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் வேறு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். முக்கியமான பைல்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். டிஸ்க் திறக்கவே இல்லை என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல், நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம்.

ஒவ்வொரு நாளும் தேதி பின்னால் போய்விடுகிறதா? காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. தேதி தவறாக இருந்தால் அரசு இணையதளமோ வங்கி இணையதளமோ 'பாதுகாப்பு இல்லை' என்று சொல்லித் திறக்காமல் போகலாம். "சர்வர் டவுன்" என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். கோளாறு சின்னப் பேட்டரியில் இருக்கும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கருகிய வாடை வந்தாலோ புகை வந்தாலோ மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். வெள்ளம் வீட்டுக்குள் வந்து கம்ப்யூட்டர் நனைந்தால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். நீங்கள் தண்ணீரில் நிற்கும்போது எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். நனைந்த கம்ப்யூட்டரை "வேலை செய்யுதா பார்க்கலாம்" என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்லும். காசு பேட்டரியைக் கழற்றிவிட்டு, சேறு பட்டிருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் லேன் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியிலும் வரும்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகாவிட்டால், திண்டிவனமோ செஞ்சியோ விழுப்புரமோ போக வேண்டியதுதான். இப்போது நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. "ரேம் மாத்திப் பார்த்தேன், மானிட்டர் டி.வி. ஒயரில் பார்த்தேன், டி-ரேம் விளக்கு நிக்குது" என்று சொல்ல முடியும்.

போகும் முன் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள். வாரன்டி பாகத்துக்குப் பாகம் வேறு. கம்பெனி இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு எத்தனை நாள் மிச்சம் என்று பார்க்கலாம். வாரன்டி இருக்கும் பாகத்துக்குப் புதிது வாங்க வேண்டியதில்லை. கோளாறு டிஸ்க்கில் இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்; ஆதார், பாஸ்புக், குடும்ப போட்டோ எல்லாம் அதில் இருக்கின்றன. செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

வாரன்டி இருந்தும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாகப் போனிலேயே தாக்கல் செய்யும் வசதியும் உண்டு. பில் இல்லாவிட்டால் வழக்கு பலவீனம். வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வெப்பத்தில் அச்சடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

கெட்ட பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள், செம்புக்காக ஒயரை எரிக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களுக்குத்தான் போக வேண்டும். பழைய டிஸ்க்கைக் கொடுக்கும் முன் பைல்களை முழுவதுமாக அழித்துவிடுங்கள்.

இன்னொரு படி எங்கே?

மேல்சித்தாமூர் சமண மடத்தில் பழைய ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஓலை என்றாவது பூச்சி அரிக்கும், நைந்துபோகும். அதனால்தான் நம் முன்னோர் இருக்கும் ஓலையைப் பார்த்து இன்னொரு படி எழுதி வைத்தார்கள். டிஸ்க்கும் அப்படித்தான். ரேம் போனால் ரேம் வாங்கலாம், போர்டு போனால் போர்டு வாங்கலாம். டிஸ்க்கில் மட்டுமே இருந்த சான்றிதழ் ஸ்கேனும் அப்பாவின் போட்டோவும் போனால் கடையில் கிடைக்காது. இன்று கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இன்றே ஒரு படி எடுத்துப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ வையுங்கள். சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த தடவை திரை கறுப்பானால், யாராவது "போர்டு போயிடுச்சு" என்று சொன்னால், "இருங்க, முதல்ல பிளக்கைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.